காந்தக்கல் (திருவண்ணாமலைப் பகுதி)

காந்தக்கல், அதாவது மேக்னடைட், மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் அமைந்த கனிமம். திருவண்ணாமலை நகரை அடுத்துள்ள கவுத்திமலை, வேடியப்பன்மலைப் பாறைகளில் குவார்ட்ஸுடன் கறுப்பும் வெளுப்புமாக மாறிமாறிப் பட்டைகட்டிக் கிடக்கிறது. சேலத்துக் கஞ்சமலையிலும் தருமபுரி மாவட்டத் தீர்த்தமலையிலும் இருப்பது இதே வகைப் பாறை. அண்ணாமலையார் மலை இந்த இனத்தைச் சேர்ந்ததன்று.

வடிவம்: கனசதுரப் படிகத் தொகுதியைச் சேர்ந்தது. சுற்றிலும் இடம் இருந்தால் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகியாக வளரும். அருங்காட்சியகங்களில் வைத்திருப்பவை அப்படி வளர்ந்தவையே. கவுத்திமலைக் கல்லை உடைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அந்த எண்முகி அநேகமாகத் தென்படாது. ஒழுங்கற்ற கரும் மணிகள்தாம் பளபளக்கும். கடலடியில் இரும்பும் சிலிக்காவும் அடுக்கடுக்காகப் படிந்து சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பின்னர் அந்த அடுக்குகள் ஆழப் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் திடநிலையிலேயே மறுபடிகமாயின. நெரிசலில் வளர்ந்த மணிக்குப் பக்கத்து மணி விட்டுக்கொடுத்த எல்லையே உருவம். முகம் இல்லாததால் அது படிகம் இல்லை என்று ஆகிவிடாது.

உள்ளமைப்பு: இதை எக்ஸ்-கதிர் கொண்டு 1915இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பிராகும், ஜப்பானில் நிஷிகாவாவும் தனித்தனியே கண்டறிந்தனர். படிகத்தின் ஓர் அலகுக் கனசதுரத்தில் 32 ஆக்சிஜன் அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இடைவெளிகளில் 24 இரும்பு அணுக்கள். அவற்றில் 8, நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவில். 16, ஆறு ஆக்சிஜன்களுக்கு நடுவில். இந்த இருவகை இடங்களிலும் உள்ள இரும்பின் காந்தத் திசைகள் எதிரெதிரானவை. இரு பக்கமும் சமமாக இருந்திருந்தால் கல்லில் காந்தமே இருந்திராது. எட்டு எட்டைக் கழித்துவிட, மிஞ்சிய எட்டுதான் இரும்பை இழுக்கிறது. இதற்கான கோட்பாட்டை 1948இல் தந்த லூயி நீல் 1970இல் நோபல் பரிசு பெற்றார். சுமார் 580 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

பக்கத்திலேயே இருக்கும் வெள்ளைக் குவார்ட்ஸில், சிலிக்கன்-ஆக்சிஜன் நான்முகிகள் திருகுபோல் சுற்றிச் செல்கின்றன; அதற்குக் காந்த இழுப்பு கிடையாது.

உருமாற்றம்: காற்றும் நீரும் பட்ட காந்தக்கல் ஹெமடைட்டாக மாறுவதுண்டு. அப்போது அணுக்களின் அடுக்கு முக்கோணத் தொகுதிக்கு மாறினாலும், எண்முகியாக இருந்த மணி வெளியே எண்முகியாகவே நிற்கும். மார்டைட் எனப்படும் இந்தப் போலி உருவத்தைப் பார்த்து ஏமாறாமலிருக்க எளிய வழி, மெருகிடாத பீங்கானில் உரசுவது. கறுப்புக் கோடு விழுந்தால் காந்தக்கல். செம்பழுப்பு என்றால் ஹெமடைட்.

பயன்பாடு: மணிகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பதால் தாதுவை அப்படியே உலையில் போட முடியாது. நன்றாகப் பொடித்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்க வேண்டும். குவார்ட்ஸ் பொடி கழிவாகத் தங்கும். மலையை வெட்டுவதோடு இந்தக் கழிவையும் எங்கேனும் கொட்டியாக வேண்டும். கவுத்திமலை, வேடியப்பன்மலையில் இரும்புத்தாது எடுக்க 2000களில் முன்வைக்கப்பட்ட திட்டத்தைக் காட்டையும் நீரையும் நம்பியிருந்த சுற்றுவட்டார மக்கள் கடுமையாக எதிர்த்தனர்.