கட்டிடக்கலைக் களப்பயணம்

கட்டிடக்கலைக் களப்பயணம் என்பது பழங்காலக் கட்டிடங்களையும் சிற்பங்களையும் அவை அமைந்துள்ள இடத்துக்கே சென்று, பார்த்தும் வரைந்தும் கற்கும் முறையாகும். பள்ளிகளுக்கு மட்டுமன்றி, வீட்டுவழிக் கல்வி பெறும் மாணவர்களுக்கும் இம்முறை ஏற்றது. இத்தகைய மாணவர்கள் பலர் தேர்வெழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனத்தில் ஓவியம் ஒரு பாடமாக உள்ளது.

புதுச்சேரி மாநிலத்தின் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த மடுகரைக்கு வடக்கே திருபுவனையும் மதகடிப்பட்டும், தென்கிழக்கே பாகூரும் உள்ளன. இம்மூன்று ஊர்களிலும் சோழர் காலக் கற்கோயில்கள் காணப்படுகின்றன. இவற்றுள் பாகூரும் திருபுவனையும் முற்காலத்தில் கல்வி நிலையங்களைக் கொண்டிருந்த ஊர்கள் ஆகும்.

பாகூர்

பாகூரில் மூலநாதர் கோயில் உள்ளது. சோழர் கல்வெட்டுகளுடன், கன்னரதேவன் எனப்படும் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் இங்குள்ளன. கி.பி. 949 இல் நடைபெற்ற தக்கோலப் போருக்குப் பின் இப்பகுதி அவனது ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இவ்வூரில் கிடைத்த பாகூர்ச் செப்பேடுகள், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை இவை வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன.

திருபுவனை

இங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராச சோழனின் 30 ஆம் ஆட்சியாண்டுக் (கி.பி. 1048) கல்வெட்டு ஒன்று உள்ளது. இது 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட வேதக் கல்லூரி ஒன்றைப் பற்றிய செய்தியைத் தருகின்றது.

காணவேண்டியவை

திராவிடக் கட்டிடக்கலையில் விமானம் கீழிருந்து மேலாக அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், தூபி என ஆறு உறுப்புகளாகப் பகுக்கப்படுகின்றது. ஆகவே தரையிலிருந்து தொடங்கி வரைவது எளிது. அதிட்டானத்தில் ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை ஆகியவற்றைத் தனித்தனியே அடையாளம் காணலாம். சோழர் காலச் சிவன் கோயில்களில் கருவறைப் புறச்சுவரின் தெற்குக் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தியும், வடக்குக் கோட்டத்தில் பிரம்மாவும் இடம்பெறுவது பெருவழக்கு.

காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது கல்வெட்டு எழுத்துகள் தெளிவாகத் தெரியும். அந்நேரத்தில் நிழற்படம் எடுப்பது நல்லது.

பாதுகாப்பு

மேற்கூறிய இரு கோயில்களும், மதகடிப்பட்டுக் குண்டாங்குழி மகாதேவர் கோயிலும் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளன. எழுத்துகளைப் படிப்பதற்காகச் சுண்ணக்கட்டி, எண்ணெய் முதலியவற்றைப் பூசுதல் கூடாது. திருபுவனைக் கல்லூரியைப் பற்றிய செய்தி இன்றைக்குத் தெரிவது அக்கற்சுவரின் எழுத்துகளால்தான். அவை சிதைந்தால் அச்செய்திக்கான மூலச்சான்றும் அழிந்துவிடும்.