குருவின் தலைக்கு ஏற்ற தொப்பி



புதிய குருவுக்குப் ‘பிரெட்டா’ எனும் நாற்கோணத் தொப்பியைப் பரிசளிக்க விரும்புகிறீர்களா? முதலில் அதன் மரபை அறியுங்கள். குருவுக்குக் கறுப்பு, ஆயருக்கு ஊதா, கர்தினாலுக்குச் சிவப்பு. இயேசு சபையினரின் தொப்பியில் உச்சிக் குஞ்சம் இராது.

அச்சபையினரான ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். பின்னர் கறுப்பு அங்கியைக் களைந்து, காவியுடுத்தி, தலைப்பாகை அணிந்தார். அவருடைய வழிமுறைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. எனினும், அவர் ஏற்ற தமிழக வழக்கங்கள் பலவற்றுக்குத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623இல் இசைவளித்தார். தலையணி தலைக்கு மட்டுமன்று, பணிபுரியும் மக்களுக்கும் பொருந்தவேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.

ஆகவே வாங்குமுன், குரு மறைமாவட்டத்தவரா, துறவற சபையினரா எனக் கேளுங்கள். தம் பணியில் அதை அணிவாரா என்றும் வினவுங்கள். அதன்பின் புருவத்திற்கும் காதுகளுக்கும் சற்று மேலாகத் தலையின் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் அளந்துகொள்ளுங்கள்.

இறையாசீர் உங்களோடிருப்பதாக.