அழிவு அபாய வரிசை: இந்திய உயிரினங்களும் திண்டுக்கல் தேவாங்கும்

அழிவு அபாய வரிசை என்பது, ஒரு நாட்டில் இயல்பாக வாழும் தாவரங்களையும் விலங்குகளையும் அவை அற்றுப்போகும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் படிப்படியாகத் தரம் பிரிக்கும் முறை. இந்தியாவில் எல்லா இனங்களையும் இப்படி அளந்து வெளியிட்ட முழுமையான தேசியப் பட்டியல் இன்னும் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் உலகச் செம்பட்டியலும், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளும்தான் அந்த இடத்தில் நின்று வேலை செய்கின்றன. முன்னது ஓர் இனம் அற்றுப்போகும் வாய்ப்பு எவ்வளவு என்று அளக்கிறது. பின்னது அதைக் கொன்றால் என்ன தண்டனை என்று சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது பரவலான பிழை.

திண்டுக்கல் தேவாங்கு

திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை ஒட்டிய பேரூராட்சி அகரம். அதற்குக் கிழக்கே வடமதுரை, அய்யலூர் என்று போனால் முள்மரக் காடுகளும் குன்றுகளும் தொடங்கி, கரூர் மாவட்டத்துக் கடவூர் வரை நீள்கின்றன. அங்கே வாழ்வது சாம்பல்நிறத் தேவாங்கு. கால் கிலோவை ஒட்டிய எடை, வால் இல்லாத உடல், முகத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட கண்கள். பகலெல்லாம் மரப்புதரில் சுருண்டு கிடந்து, இரவில் பூச்சி தேடி இறங்கும். பயிரைத் தின்னும் பூச்சிகளையும் சேர்த்தே பிடிப்பதால் விவசாயிக்கு அது வேண்டியது. ஆனாலும் அதைக் கண்டால் ஆகாது என்பார்கள். அதன் கண்ணை வசிய மருந்துக்கு என்று பிடிப்பவர்களும் இருந்தார்கள். காடு துண்டு துண்டாகிப்போனதும், இரவில் சாலை கடக்கும்போது வண்டியில் அடிபடுவதும் மற்றத் தொல்லைகள்.

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இந்தப் பகுதியில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம், கடவூர் வட்டங்களில் விரியும் இது, தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். அப்போது வந்த செய்திகள் பலவும் இந்தத் தேவாங்கை 'அருகிய இனம்' என்று எழுதின. உலகச் செம்பட்டியலில் இந்தத் தேவாங்கின் இடமோ அதைவிட இரண்டு படி கீழே: 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்'. 'அருகிய இனம்' என்ற நிலையில் இருப்பது இலங்கைக்கே உரிய செந்நிறத் தேவாங்கு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் பெயர் இடம் மாறியிருக்கலாம். அதற்காகச் சரணாலயம் தேவையற்றதாகிவிடாது. ஒரு விலங்கு கடைசிப் படிக்கு வந்தபிறகுதான் காட்டை ஒதுக்க வேண்டும் என்று எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.

படிகளும் அளவுகோல்களும்

உலகச் செம்பட்டியல் 1964இல் தொடங்கியது. முதல் முப்பது ஆண்டுகள் அதில் வல்லுநர் கணிப்பே பெரும்பாலும் தீர்ப்பு. எண்களால் ஆன அளவுகோல்கள் 1994இல் ஏற்கப்பட்டு, 2001இல் திருத்தப்பட்டன. அபாயத்தில் உள்ளவை எனப்படுபவை மூன்று படிகள்: மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்பு இனம். இவற்றுக்குக் கீழே அண்மித்த நிலையும் கவலை குறைந்த நிலையும். மேலே காட்டில் அற்றவை, முற்றிலும் அற்றவை. தரவு போதாதவையும் மதிப்பிடப்படாதவையும் தனி.

பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்தில், தொகை 80 விழுக்காடு குறைந்தால் மிக அருகிய இனம். 50 என்றால் அருகிய இனம். 30 என்றால் அழிவாய்ப்பு இனம். பரவல் சுருங்குவது, இனப்பெருக்க வயதை எட்டியவற்றின் எண்ணிக்கை, கணித முறையில் கணக்கிட்ட அழிவு வாய்ப்பு ஆகியவற்றுக்கும் இப்படி எல்லைகள் உண்டு. இனப்பெருக்கம் செய்யக்கூடியவை ஐம்பதுக்கும் குறைவாக எஞ்சியிருந்தால் வேறு கேள்வியே இல்லை, மிக அருகிய இனம்தான். ஏதாவது ஓர் அளவுகோலில் சிக்கினாலே போதும். பாறு கழுகுகள் சிக்கியது முதல் அளவுகோலில்தான். கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து சடலங்கள் வழியே அவற்றைக் கொன்று குவித்தது. கோடிக்கணக்கில் இருந்த பறவைகள் சில ஆண்டுகளில் சரிந்தன. 2006இல் அந்தக் கால்நடை மருந்தை இந்தியா தடை செய்தது.

நாட்டளவுக்கு இறங்கும்போது

உலகக் கணக்கை அப்படியே ஒரு நாட்டுக்குப் பொருத்த முடியாது என்பதால் 2003இல் தனி வழிகாட்டி வந்தது. ஓரிடத்துக்கே உரிய இனத்துக்கு நாட்டு நிலையும் உலக நிலையும் ஒன்றே. மற்றவற்றுக்கு, எல்லைக்கு அப்பாலிருந்து வந்து சேர்பவை உள்ளூர்த் தொகையைத் தாங்குமா என்று பார்த்து, ஒரு படி கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். 'வட்டார அளவில் அற்றவை' என்ற கூடுதல் படியும் உண்டு. 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட சிவிங்கிப்புலிக்கு அது பொருந்தும். ஈரானில் அதன் ஆசியக் கிளை இன்னும் சிறிது எஞ்சியிருக்கிறது. மாநில அளவில் பார்த்தால் படம் இன்னும் மாறும். உலகப் பட்டியலில் கவலை குறைந்தது என்று நிற்கும் வெளிமான், தமிழ்நாட்டில் கிண்டி, கோடியக்கரை, வல்லநாடு, மோயாறு போன்ற சில இடங்களோடு சரி.

இலங்கை 2012இல் தன் தேசியச் செம்பட்டியலை வெளியிட்டுவிட்டது. நியூசிலாந்து 2002 முதல் தனக்கென வேறு முறையையே வைத்திருக்கிறது. இந்தியாவில் தாவரங்களுக்கான சிவப்புத் தரவு நூல் மூன்று தொகுதிகளாக 1987 முதல் 1990 வரையிலும், முதுகெலும்புள்ள விலங்குகளுக்கானது 1994இலும் வந்தன. இவற்றுக்குப் பின் நெடிய இடைவெளி. 2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டில், ஏறத்தாழ 7,000 தாவர இனங்களையும் 4,000 விலங்கினங்களையும் 2030க்குள் மதிப்பிடும் திட்டத்தை இந்தியா அறிவித்தது.

சட்ட அட்டவணை

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு அட்டவணைகள் நான்காயின. தேவாங்கும் மயிலும் முதல் அட்டவணையில் நிற்கின்றன. மயிலோ உலகப் பட்டியலில் கவலை குறைந்த இனம். திண்டுக்கல் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் கவலை எங்களுக்குத்தான் என்பார்கள். நேர்மாறாக, உலக அளவில் அழிவாய்ப்பு இனம் என்று 2016இலேயே மதிப்பிடப்பட்ட நட்சத்திர ஆமை, இந்தத் திருத்தம் வரும்வரை கீழான நான்காம் அட்டவணையில் கிடந்தது. மயில், ஆமை இரண்டில் எதைக் கொன்றாலும் இன்று குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை.

சட்டம் அசையாத இடத்தில் பறவை ஆர்வலர்களின் பதிவுகள் முந்திக்கொண்டன. 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற 2023 அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களை முதல் முன்னுரிமைக்கு உரியவை என்றது. சோளக்காட்டு மின்கம்பிகளில் உட்கார்ந்து நாம் அன்றாடம் பார்த்துப் பழகிய பனங்காடை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருப்பதால் அதை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்றும் கேட்டது.

படிநிலை காலத்தோடு மாறுவது. பட்டியலுக்குப் பட்டியல் வேறுபடுவது. ஆகவே ஓர் இனத்தை 'அருகியது' என்று எழுதுவோர், எந்தப் பட்டியல், எந்த ஆண்டின் மதிப்பீடு என்ற இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.