ஹ்ல்பொகேயும் டொப்ரா வொடாவும்: சுலோவாக்கிய ஒப்புப் பெயரடைகள் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு மொழியின் இலக்கண வரலாற்றை இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொண்டு சொல்லிவிட முடியுமா? சுலோவாக்கிய மொழியைப் பொறுத்தவரை ஓரளவு முடியும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1843 ஜூலையில் ஹ்ல்பொகே என்னும் சிற்றூரில், யோசெஃப் மிலோஸ்லாவ் ஹுர்பானின் இல்லத்தில் மூவர் கூடினர். ஹுர்பானுக்கு வயது 26; லூதொவீட் ஷ்டூருக்கு 27; மிகால் மிலோஸ்லாவ் ஹொஜாவுக்கு 31. மூவரும் லூத்தரன்கள். தம் மக்கள் எந்த மொழியில் எழுத வேண்டும் என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. லூத்தரன்கள் விவிலியத்தின் செக் மொழியில் எழுதினர். கத்தோலிக்கர் அன்டொன் பெர்னொலாக் 1787-இல் மேற்குப் பகுதி வழக்கை ஒட்டி வகுத்த மொழியில் எழுதினர். நாட்டை ஆண்ட ஹங்கேரியிலோ, இலத்தீன் இருந்த இடத்தில் ஹங்கேரிய மொழியை அமர்த்தும் முயற்சி முற்றிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அது சட்டமாயிற்று. ஓர் இனம் இரண்டு எழுத்து மொழிகளோடு அந்த அலையை எதிர்கொள்ள இயலாது என அம்மூவரும் கருதினர். மத்திய சுலோவாக்கிய வழக்கைப் பொதுமொழியாக்க முடிவு செய்தனர்.

'ஹ்ல்பொகே' என்றால் 'ஆழமானது' என்று பொருள். இனி இலக்கணத்துக்கு வருவோம். தமிழில் 'ஆழமான' என்பது எத்தனை ஒப்பிட்டாலும் உருமாறாது. 'அதைவிட' என்று முன்னே ஒரு சொல்லை வைத்து ஒப்புமையைக் காட்டிவிடுகிறோம். சுலோவாக்கியத்தில் பெயரடையே மாறும். 'ஸ்டரீ' (பழைய, முதிய) 'ஸ்டர்ஷீ' ஆகும். முன்னே 'நய்' சேர, 'நய்ஸ்டர்ஷீ' என்பது 'எல்லாரினும் முதிய' எனப் பொருள்படும். பகுதி ஒற்றை மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் 'ஷீ'. மெய்கள் அடுக்கி நின்றால் 'எய்ஷீ'. ஆகவே 'ரீக்லி' (விரைவான) 'ரீக்லெய்ஷீ' ஆகிறது. 'ஹ்ல்பொகீ' போன்றவை தம் ஈற்று 'ஒகீ'யை உதிர்த்துவிட்டு 'ஹ்ல்ப்ஷீ' என நிற்கும். ஈற்று ஈகாரம் வரை உயிரெழுத்தே இல்லையே என மலைக்க வேண்டாம். அங்கே லகர மெய்யே உயிரின் வேலையைச் செய்கிறது!

ஒப்பிடப்படும் பொருளைச் சொல்லவும் ஒரு வழி உண்டு. 'ஸ்டர்ஷீ ஒட் ப்ரட' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'சகோதரனிலிருந்து மூத்தவன்'. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களை ஆண்டுதோறும் வகுப்பில் ஒப்பிக்கச் செய்யும் நமக்கு இது அந்நியமாகப் படவில்லை. நீங்கலும் ஒப்பும் அங்கும் ஒரே உருபின் கீழ்தான் நிற்கின்றன.

செக் மொழியோடு வேறுபடும் இடங்களே அக்காலத்தில் பெருஞ்சண்டைக்கு உரியவை. செக்கியர் 'நெய்' என்பதைச் சுலோவாக்கியர் 'நய்' என்பர். 'ட்ரஹீ' (விலைமிக்க) செக்கில் மெய் திரிந்து 'ட்ரஷ்ஷீ' ஆக, சுலோவாக்கியத்தில் திரியாமல் 'ட்ரஹ்ஷீ' என்றே நிற்கும். 'குறுகிய' என்பதற்குச் செக்கில் இரு நெடில் அடுத்தடுத்து வரும்: 'க்ராட்கீ'. சுலோவாக்கியம் அதை விரும்பாது. 'க்ராட்கி' என ஈற்றைக் குறுக்கும். ஒப்பு வடிவிலோ முதலசை குறுகி ஈறு நீள்கிறது: 'க்ரட்ஷீ'. இத்தனை சிறு வேறுபாடுகளுக்காக ஒரு தனி மொழியா என்று கேட்டவர்களும் இருந்தனர். பெஸ்டில் போதகராக இருந்த கவிஞர் யான் கொல்லார், தாமே சுலோவாக்கியராக இருந்தும், பொது எழுத்து மொழியின் தேவையை வலியுறுத்தி 1846-இல் ஷ்டூரின் முயற்சிக்கு எதிராக ஒரு நூலையே தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில்தான் ஷ்டூரின் இலக்கண நூலும் வெளிவந்தது.

நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பது வேறொரு காட்சியை. ஹ்ல்பொகேயில் முடிவெடுத்த கையோடு, மூவரும் டொப்ரா வொடாவுக்குச் சென்று யான் ஹொல்லீயைக் கண்டனர். அவர் 58 வயதுக் கத்தோலிக்கப் பாதிரியார். பெர்னொலாக்கின் மொழியில் 1833-இல் 'ஸ்வாடொப்லுக்' காப்பியத்தை இயற்றியவர். அவர் வாழ்நாளெல்லாம் எழுதிய மொழியை விலக்கிவிட்டு வேறொன்றை வைக்கப்போகிறோம் என்று அவரிடமே சொல்லி வாழ்த்துப் பெற வேண்டும்! அவர் அவர்களை அன்போடு வரவேற்றார்.

டொப்ரா வொடா என்றால் 'நல்ல நீர்'. 'டொப்ரீ' (நல்ல) எந்த விதிக்கும் அடங்காத சொல். அதன் ஒப்பு வடிவம் 'லெப்ஷீ'. பகுதியே மாறிவிடுகிறது. 'ஸ்லீ' (தீய) 'ஹொர்ஷீ' ஆவதும், 'மலீ' (சிறிய) 'மென்ஷீ' ஆவதும் இவ்வகையே.

ஷ்டூரின் வடிவமும் அப்படியே நிலைக்கவில்லை. 1851-இல் இரு சமயத்தாரும் கூடி அதைத் திருத்த உடன்பட்டனர். கத்தோலிக்கரான மார்டின் ஹாட்டலா 1852-இல் அதற்கு இலக்கணம் எழுதினார். ஷ்டூர் விலக்கிவைத்த சில எழுத்துகள் அப்போது திரும்பி வந்தன. 'வெல்கீ' (பெரிய) என்பதன் மெலிந்த லகரமும், அதன் ஒப்பு வடிவான 'வெச்ஷீ'யில் இரு புள்ளிகள் தாங்கிய அகரமும் இன்று எழுதப்படுவது அத்திருத்தத்தின் பயனே. அந்நூலின் முன்னுரையில் அறுவர் கையொப்பமிட்டனர்: லூத்தரன்கள் மூவர், கத்தோலிக்கர் மூவர். ஷ்டூர், ஹுர்பான், ஹொஜா மூவரின் பெயரும் அதில் உண்டு. ஹொல்லீ அதைக் காணவில்லை. 1849-இலேயே டொப்ரா வொடாவில் மறைந்துவிட்டார்.