எச்சமும் பார்ட்டிசிப்பிளும்

ஆங்கில இலக்கணத்துள் தமிழ் மாணவரைத் தடுமாறச் செய்வனவற்றுள் 'பார்ட்டிசிப்பிள்' ஒன்று. எனினும், அதனை உணர்தற்கான திறவுகோல் தொல்காப்பியத்திலேயே உள்ளது. முற்றுப்பெறாது நின்று மற்றொரு சொல்லை அவாவும் வினையை நம் முன்னோர் 'எச்சம்' என்றனர். பெயர் கொண்டு முடிவது பெயரெச்சம். வினை கொண்டு முடிவது வினையெச்சம்.

இவற்றை மேலைநாட்டார்க்கு விளக்கியோருள் கால்டுவெல் குறிப்பிடத்தக்கவர். 1841இல் நெல்லைச் சீமையின் இடையன்குடிக்கு வந்து அரை நூற்றாண்டு பணியாற்றிய அவர், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதில் பெயரெச்சத்தை 'ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்' என வழங்கினார். ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' முதலிய சொற்கள் தொடங்கும் கிளைவாக்கியத்தின் பணியைத் தமிழில் எச்சம் ஒன்றே ஆற்றுவதை அப்பெயர் காட்டுகிறது. இவ்வழக்கைத் திராவிட மொழிகளின் தனியியல்புகளுள் ஒன்றாகவும் அவர் கண்டார்.

இதன் விரிவைக் குற்றாலத்தை வைத்தே காணலாம். 'குளித்த பெண்', 'குளித்த அருவி', 'குளித்த காலை' என்னும் மூன்றிலும் எச்சம் ஒன்றே. ஆனால் பெண் வினைமுதல்; அருவி இடம்; காலை காலம். கருவி, செயப்படுபொருள், தொழில் ஆகியனவும் சேரப் பெயரெச்சம் அறுவகைப் பெயர் கொண்டு முடியும் என்பது நம் இலக்கண மரபு. ஆங்கில எச்சத்திற்கு இத்துணை இடமில்லை. 'ரன்னிங் வாட்டர்' என்பதில் நீர் வினைமுதல். 'பிரோக்கன் பாட்' என்பதில் பானை வினையை ஏற்றது. 'குளித்த அருவி'யைச் சொல்லவோ 'விச்' அல்லது 'வேர்' கொண்ட தனிக் கிளைவாக்கியம் வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் மாணவர் இடறுவது இங்கேதான்.

வினையெச்சத்திலோ இரு மொழிகளும் நெருங்கி வருகின்றன. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சமும் அதனை முடிக்கும் வினையும் ஒரே வினைமுதலுக்கு உரியனவாதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. 'தென்காசியை அடைந்து கோபுரம் தெரிந்தது' என எழுதினால், அடைந்தது கோபுரமோ என்னும் ஐயம் எழும். ஆங்கில ஆசிரியர் 'தொங்கும் பார்ட்டிசிப்பிள்' எனக் கடிவதும் இப்பிழையையே. 'சாரல் பெய்து அருவி பெருகியது' என்பதைத் தமிழ் ஏற்கும். அங்குப் 'பெய்து' என்பது 'பெய்ய' எனப் பொருள்படும் எச்சத்திரிபு என்பர் உரையாசிரியர்.

தாய்மொழி இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு ஆங்கில விதிகளை மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் மாணவர்க்கு இருமுறை இழப்பைத் தருகிறது. எச்சத்தை நன்கு அறிந்தவர்க்கு ஆங்கிலம் எங்கே ஒத்துச் செல்கிறது, எங்கே பிரிந்து செல்கிறது என்பது தானே விளங்கும். கால்டுவெல் தம் மொழியிலிருந்து தமிழுக்கு வந்த அதே வழியில், நம் மாணவர் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லலாம்.