கெலிஓயாவும் காலநிலை மாற்றமும்

கெலிஓயா, கண்டி மாவட்டத்தின் உடுநுவரப் பகுதியில், பேராதனைக்கும் கம்பளைக்கும் நடுவே மகாவலி கங்கையை ஒட்டி அமைந்த சிறு நகரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். மலையக ரயில் பாதை இவ்வழியே செல்கிறது. மேலே மலைகளில் பெய்யும் மழையெல்லாம் ஆறாகி இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். ஆகவே இவ்வூரின் காலநிலை வரலாற்றை, அந்த மலைகளில் மனிதர் செய்தவற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் பிரித்தானியரான ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் அமைத்தார். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் சேனைகளையும் அரசுடைமையாக்கியது. அந்த நிலங்கள் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்தே வந்த தொழிலாளர்கள் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டார்கள். 1870களின் இறுதியில் கோப்பிப் பரப்பு இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. புல் பூண்டு ஒன்றும் விடாமல் சுரண்டி எடுக்கும் களையெடுப்பு அக்காலத் தோட்ட ஒழுங்கு. செங்குத்தான சரிவில் வெறுமையாகக் கிடந்த மேல்மண் மழைக்கு மழை ஆற்றில் இறங்கியது.

இந்த அழிவை அன்றே கண்டவர்கள் இருந்தார்கள். கெலிஓயாவுக்குச் சில மைல் தொலைவிலுள்ள பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவர்களில் முக்கியமானவர். இலண்டன் கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் வற்புறுத்தியதை அடுத்து, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டது. சிகரக் காடுகள் இன்றும் எஞ்சியிருப்பதில் இம்முடிவுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் கெலிஓயாவைச் சூழ்ந்த மத்திய உயரக் குன்றுகள் அந்த எல்லைக்கு வெகு கீழே இருந்தன. அவற்றுக்குக் காவல் இல்லை. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்தபோதும் காடு திரும்பவில்லை. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மண்பாதுகாப்புச் சட்டம் 1951இல்தான் வந்தது. மகாவலியின் குறுக்கே 1976இல் கட்டப்பட்ட பொல்கொல்லை அணைத்தேக்கம் அடுத்த 12 ஆண்டுகளுக்குள் தன் கொள்ளளவில் நாற்பது வீதத்துக்கும் மேல் வண்டலால் இழந்தது. மலைகள் எவ்வளவு மண்ணை விட்டுவிட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலைகள் வெறுமையானது ஆபத்தின் ஒரு காரணம் என்றால், மற்றைய காரணமான காலநிலை மாற்றம் தொலைவிலிருந்து வந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்பட்டதால், தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இலங்கையர் ஒருவரின் ஆண்டு உமிழ்வு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரியோ நான்கு தொன்னுக்கும் மேல். ஆயினும் சூடு எல்லோருக்கும் வந்தது. 1961க்கும் 1990க்கும் இடையில் இலங்கையின் வெப்பநிலை பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.16 பாகை செல்சியஸ் வீதம் உயர்ந்தது. ஒரு பாகை சூடேறிய காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அது கொட்டும்போது ஒரே நாளில் கொட்டுகிறது.

மகாவலிப் பெருவெள்ளம் புதிதல்ல. 1947 ஓகஸ்டிலும் கம்பளைப் பக்கம் பேரழிவு நேர்ந்தது. 1985இல் நிறைவடைந்த கொத்மலை அணை பிற்காலத்தில் ஓரளவு பாதுகாப்புத் தந்தது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழைக்கு எந்தக் காப்பும் போதவில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிகக் கூடுதலான உயிரிழப்பு கண்டி மாவட்டத்தில். கம்பளை, கெலிஓயா உள்ளிட்ட ஆற்றோர நகரங்களில் வெள்ளம் புகுந்தது. மேலே மலைகளில் மண்சரிவுகள் வீடுகளை மூடின.

மழையைத் தந்தது உலகின் புகை என்றால், அது எங்கே சரியும், யாரை மூடும் என்பதைத் தீர்மானித்தவை இருநூறு ஆண்டுக் காணிக் கொள்கைகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கி எச்சரிக்கை விடுத்து வருகிறது. ஆனால் தோட்ட லயன்களில் வாழும் பெரும்பாலானோருக்குச் சொந்தக் காணி இல்லை. எழும்பிப் போகச் சொன்னால் போவதற்கு இடமும் இல்லை. பாதுகாப்பான நிலத்தில் உரிமைப் பத்திரத்தோடு காணி கொடுப்பதே இவர்களுக்கு அரசு செய்ய வேண்டிய முதல் காலநிலை நடவடிக்கை.