கூரைப் பக்கம் ஒரு விளக்கு

2020இல் பாடசாலைகளை மூடித் திறந்தபோது நமக்குக் கை கழுவும் பைப்புகள் வந்தன. வகுப்பறைக் காற்றைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஆனால் அந்தப் பேச்சு பழையது.

1941இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சின்னமுத்து பரவியது. ஜேர்மன்டவுன் ஃப்ரெண்ட்ஸ் பாடசாலையில் வில்லியம் வெல்ஸ் 1937 முதல் புற ஊதா விளக்கு பொருத்தியிருந்த வகுப்புகளில் மட்டும் நோய் வெகு குறைவு.

விளக்கை வைத்த இடம்தான் விசயமே. அந்தக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும். அதனால் பிள்ளைகளின் தலைக்கு மேலே, மறைப்பு வைத்து, கூரைப் பக்கம் மட்டும் ஒளி விழச் செய்தார்கள். மூச்சுக்காற்று மேலே போகும், கிருமி அங்கே சாகும். (கொவிட் காலத்தில் வெறும் விளக்கைப் பக்கத்தில் எரியவிட்டுக் கண் நோவோடு வைத்தியரிடம் போனவர்களும் உண்டு.)

பிறகு நியூயோர்க் மாநிலக் கிராமப் பாடசாலைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் நெருங்கி வந்தவர்கள். பஸ்ஸில் விளக்கு இல்லையே! ஆனாலும் பழி விளக்கின் மீதே விழுந்தது. 1963இல் சின்னமுத்துத் தடுப்பூசியும் வர, பாடசாலைகள் அதை மறந்தன.

வெல்ஸின் மாணவர் ரிச்சர்ட் ரைலி மறக்கவில்லை. பால்டிமோர் வைத்தியசாலையொன்றில் காசநோய் விடுதியின் காற்றைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார். நேரடியாகச் சுவாசித்தவற்றுக்கு நோய் தொற்றியது. கதிர் பட்ட காற்றைச் சுவாசித்தவற்றில் ஒன்றுக்கும் தொற்றவில்லை.